வீட்டு வேலை எனக்குக் கைவரவில்லை: கற்றுக்கொள்வதா, ஏற்றுக்கொள்வதா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். வயது 31, சென்னையில் கணவன் மனைவி இருவருக்கும் வேலை, மூன்று வயதில் ஒரு குழந்தை. திருநெல்வேலியிலிருந்து அத்தை, அதாவது உங்கள் மாமியார், வந்தால் உங்கள் வீட்டு அரிசி, உங்கள் வீட்டு உளுந்து, உங்கள் மிக்ஸியிலேயே அரைத்துப் பூப்போல இட்லி எடுக்கிறார். அவர் ஊருக்குக் கிளம்பிய மறுவாரம் உங்களுக்கு அதுவே கல்லாக வருகிறது. சாம்பார் ஒரு நாள் இருந்த மாதிரி மறுநாள் இல்லை. சோபாவில் துவைத்த துணி எப்போதும் குவிந்து கிடக்கிறது, காலிங் பெல் அடித்தாலே பதறுகிறது. “எனக்கு இந்தத் திறமையே கிடையாது என்று ஒத்துக்கொண்டுவிட்டால் நிம்மதி வருமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நிம்மதி பற்றிய கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது: இதில் எது கற்றால் வருவது, எது கற்றாலும் நேரம் இல்லாவிட்டால் வராதது, எது வராவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாதது? மனையியல் பாடம் நடத்தும் பழக்கத்தில் அந்த வரிசையிலேயே போகிறேன்.

வீட்டு வேலையை ஒரே திறமையாக நினைத்தால், இட்லி கெட்டதும் ஆளே தோற்றுவிட்டதாகத் தோன்றும். ஆனால் அது ஒரு திறமை கிடையாது. 2023 ஜூனில், கணவர் பெயரில் வாங்கிய சொத்தில் இல்லத்தரசிக்கும் பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, அவர் நிர்வாகி, சமையல்காரர், வீட்டு மருத்துவர், பொருளாதாரம் பார்ப்பவர் என்று ஒவ்வொரு வேலையாகப் பிரித்தே எழுதியது. கோயம்புத்தூரில் 1957-இல் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி போன்ற இடங்களில் உணவு, துணி, குழந்தை வளர்ப்பு, வீட்டு நிர்வாகம் எல்லாம் தனித்தனிப் பாடங்கள். பிறவியிலேயே வந்துவிடும் ஒன்றுக்கு வருஷக்கணக்கில் பாடம் நடத்தத் தேவையே இருந்திருக்காது. உங்கள் மூன்று குறைகளும்கூட மூன்று வகை. இட்லி செய்முறைச் சிக்கல், சாம்பார் அளவுச் சிக்கல், துணிக்குவியல் நேரமும் ஆளும் போதாத சிக்கல். மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. மூன்றையும் சேர்த்து “எனக்கு வராது” என்று சொன்னால் எதற்கும் வழி பிறக்காது.

இட்லியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், இதைத்தான் கைராசி என்று சொல்லி மூடிவிடுகிறார்கள். உளுந்தை அரைக்கும்போது அதிலுள்ள புரதமும் பிசுபிசுப்பான பசைப்பொருளும் காற்றைப் பிடித்து வைக்கின்றன. பிறகு, தானியத்தோடேயே வரும் லியூகோனாஸ்டாக் போன்ற நுண்ணுயிரிகள் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயு வெளியே போகாமல் உளுந்து நுரை தாங்குகிறது. ஆக இட்லி மெத்தென்று வர இரண்டு காரியம் நடக்க வேண்டும்: உளுந்து நன்றாக நுரைக்க வேண்டும், மாவு போதிய சூட்டில் போதிய நேரம் இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஏதாவது ஒன்று தவறினால் கல்லாக வரும், கை யாருடையதாக இருந்தாலும்.

மிக்ஸி வைத்திருப்பவர்கள் தடுக்கி விழும் இடம் சூடு. பிளேடு வேகமாகச் சுற்றும்போது ஜார் சூடாகிறது, உளுந்து நுரைக்காமல் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. அத்தை வந்திருக்கும்போது அவர் கையைக் கவனியுங்கள். அநேகமாக ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீரைத்தான் ஊற்றுவார், ஒரே மூச்சில் அரைக்காமல் நிறுத்தி நிறுத்தி அரைப்பார், மொத்த உளுந்தையும் ஒரே தடவையில் போடமாட்டார். உளுந்தைக் கண்ணால் பார்த்தே ஒரு பிடி கூடப் போட்டிருப்பார். இவை எதையும் அவர் உங்களுக்குச் சொல்லாமல் இருந்திருந்தால் அது மறைப்பதற்காக இருக்காது. பல வருஷம் செய்த வேலையில் கை தானாகச் செய்வது வாய்க்கு வராது.

அளவாகச் சொல்கிறேன். கிரைண்டர் என்றால் இட்லி அரிசி 4 டம்ளருக்கு முழு வெள்ளை உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 டீஸ்பூன். மிக்ஸி என்றால் 3 டம்ளர் அரிசிக்கே 1 டம்ளர் உளுந்து, ஏனென்றால் மிக்ஸியில் உளுந்து அவ்வளவு பொங்காது. அரிசி 4 முதல் 5 மணி நேரம் ஊறட்டும். உளுந்தும் வெந்தயமும் தனியாக ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், முடிந்தால் ஃபிரிட்ஜுக்குள்ளேயே. ஊறிய உளுந்தை இரண்டு மூன்று பங்காகப் பிரித்து, ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரையுங்கள். அரை நிமிடம் ஓட்டி, நிறுத்தி, ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். ஒரு டம்ளர் உளுந்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் முதல் ஒன்றரை டம்ளர் தண்ணீர் வரை பிடிக்கும். பழைய உளுந்து இதைவிடக் குறைவாகத்தான் இழுக்கும். பதம் வந்ததா என்று பார்க்க ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு மாவை விடுங்கள். மிதந்தால் சரி, மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும். இந்த ஒரு சோதனையை மட்டும் ஒருபோதும் விட வேண்டாம், கிண்ணத்தில் மிதக்கிற சொட்டு கைராசியைப் பார்த்து மிதப்பதில்லை. அரிசியை நைசாக ஆக்காமல், விரலில் தேய்த்தால் சன்ன ரவை தட்டுப்படுகிற பதத்தில் நிறுத்துங்கள்.

உப்புப் போட்டு இரண்டையும் கையால் கலந்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் இல்லாமல் வையுங்கள், பொங்க இடம் வேண்டும். 28 முதல் 32 டிகிரி வெப்பத்தில் 8 முதல் 10 மணி நேரம் ஆகும். சென்னைச் சித்திரையில் 6 மணி நேரத்திலேயே பொங்கிவிடும். மார்கழியில் 12 மணி நேரம்கூடப் பிடிக்கும். ஏசி ஓடும் அறையை ஒட்டிய சமையலறை என்றால் இன்னும் தாமதமாகும். அப்போது பாத்திரத்தை மூடிய ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைக்கலாம், அல்லது வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள அகலப் பாத்திரத்தில் இறக்கி வைக்கலாம். மணியைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எழும்பி, கரண்டியால் கிழித்தால் உள்ளே சல்லடை போல ஓட்டைகள் தெரிய வேண்டும். பொங்கிய மாவை அடிவரை கலக்காதீர்கள், ஓரத்திலிருந்து அள்ளி ஊற்றுங்கள். இட்லிப் பானைத் தண்ணீர் கொதித்த பிறகே தட்டை வையுங்கள். 10 முதல் 12 நிமிடம் போதும். எடுத்து இரண்டு நிமிடம் ஆறவிட்டு, ஈரக் கரண்டியால் எடுங்கள். கூடுதலாக வேகவைத்தால் நல்ல மாவும் விறைத்துப்போகும்.

கெட்டால் எங்கே கெட்டது என்று மாவே சொல்லும். புளிக்கவும் இல்லை, பொங்கவும் இல்லை என்றால் குளிர், இன்னும் சில மணி நேரம் கொடுங்கள். புளித்தும் பொங்கவில்லை என்றால் உளுந்து நுரைக்கவில்லை. அந்த மாவை அப்போது காப்பாற்ற முடியாது, தோசைக்கோ ஊத்தப்பத்துக்கோ வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பொங்கியும் இட்லி கெட்டியாக இருந்தால் உளுந்து போதவில்லை, அல்லது மாவு இறுகி இருக்கிறது. தட்டையாகப் பரவினால் தண்ணீர் அதிகம். ஒவ்வொரு முறையும் நான்கு விஷயத்தை மட்டும் குறித்து வையுங்கள்: எந்தக் கடை உளுந்து, எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி நேரம், எப்படி வந்தது. ஐந்தாறு தடவைக்குள் உங்கள் வீட்டுக்கான கணக்கு கிடைத்துவிடும்.

இதில் நான் உறுதியாகச் சொல்வது உளுந்தின் நுரையும் வெப்பமும்தான். கையால் கலந்தால்தான் புளிக்கும் என்பதில் பாதி உண்மை. கையால் கலந்தால் நன்றாகக் கலக்கும், ஆனால் புளிக்கவைப்பவை பெரும்பாலும் தானியத்திலேயே இருக்கின்றன, கரண்டியால் கலந்த மாவும் பொங்கும். அயோடின் உப்பு புளிப்பைக் கெடுக்கும், குழாய்த் தண்ணீரின் குளோரின் கெடுக்கும் என்றெல்லாம் சொல்வார்கள். வீட்டு அளவில் அது பெரிய வித்தியாசம் செய்கிறது என்று அடித்துச் சொல்லமாட்டேன். கல் உப்பையும் ஆறவைத்த தண்ணீரையும் போட்டுப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

சாம்பார் சீக்கிரம் சரியாகிவிடும். தினமும் மாறுவதற்குக் காரணம் கண்ணளவு. கண்ணளவு அத்தைக்குப் பொருந்துகிறது, ஏனென்றால் அவர் கண் அந்த அளவைப் பலமுறை பார்த்துப் பழகிவிட்டது. நீங்கள் ஒரு சமையலறைத் தராசு வாங்கிக்கொண்டு, அவர் வந்திருக்கும்போது “அத்தை, போடறதுக்கு முன்னாடி இந்தக் கிண்ணத்துல வைங்க” என்று சொல்லி அவர் பிடிக்கும் ஒவ்வொரு பிடியையும் நிறுத்து எழுதுங்கள். எலுமிச்சை அளவு புளி என்பது அவர் கையில் எத்தனை கிராம் என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். அதுவரைக்கும் ஒரு தொடக்க அளவு: நான்கு பேருக்குத் துவரம் பருப்பு அரை கப், அதாவது சுமார் 100 கிராம், புளி 15 முதல் 20 கிராம், சாம்பார் பொடி 2 டீஸ்பூன், தூள் உப்பு ஒன்றரை டீஸ்பூன். தூள் உப்பு ஒரு மட்டமான டீஸ்பூன் ஏறக்குறைய 6 கிராம் நிற்கும். கல் உப்பு அதே ஸ்பூனில் குறைவாகவே நிற்கும், இடையில் காலி இடம் இருக்கும். உப்பை மாற்றிப் போடும் நாள்களில் ருசி தப்புவது இதனால்தான். காயை முக்கால் வேக்காடு வேகவைத்த பிறகே புளிக்கரைசலை ஊற்றுங்கள். புளிப்பில் காயும் பருப்பும் வேக மறுக்கும். பொடி போட்டுப் பச்சை வாசனை போக 7, 8 நிமிடம் கொதித்த பிறகு வெந்த பருப்பைச் சேருங்கள். பருப்பு எத்தனை விசில் விட்டாலும் முழுசாகவே நிற்கிறது என்றால் போர் தண்ணீரின் கடினத்தன்மையைச் சந்தேகியுங்கள். சென்னையில் பல அடுக்குமாடிகளில் இதுதான் கதை. குடிக்கும் தண்ணீரில் ஊறவைத்து, அதிலேயே வேகவைத்துப் பாருங்கள்.

இனி துணிக்குவியல். இதில் உங்களுக்குக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, துணி மடிக்கத் தெரியாதவர் யாரும் இல்லை. இங்கே குறைவது நேரம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள், அதே வேலையில் கைவைத்த ஆண்கள் 97 நிமிடம். அதிலும் கைவைத்தவர்களே பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். 299 நிமிடம் என்றால் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அலுவலகம், போக்குவரத்து, குழந்தை எல்லாம் போக அந்த ஐந்து மணி நேரம் உங்கள் நாளில் எங்கே இருக்கிறது? ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம்தான் மிஞ்சுகிறது என்றால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற வீடுதான் உங்கள் வீடு. ஐந்து மணி நேரம் உழைத்த வீட்டோடு அதை ஒப்பிட்டுவிட்டு உங்கள் திறமையைக் குறை சொல்வது கணக்குத் தப்பு.

நேரம் குறைவாக உள்ள வீட்டில் துணி தேங்குவது துவைக்கும் இடத்தில் இல்லை, கொடியிலிருந்து எடுத்த பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகத் துவைத்தால் மடிக்க ஒரு மணி நேரம் வேண்டும், அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் கிடைக்காது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு சின்ன லோடு போட்டால் மடிக்க பத்து நிமிடம். சட்டை, குர்தா எல்லாவற்றையும் ஹேங்கரிலேயே காயவைத்து அப்படியே அலமாரிக்குள் மாட்டிவிடலாம். உள்ளாடை, குழந்தையின் வீட்டு உடை, துண்டு இவற்றை மடிக்கவே வேண்டாம், ஆளுக்கொரு கூடையில் போட்டுவிடுங்கள். படுக்கை விரிப்புக்கு இஸ்திரி தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி நாறினால் அது பவுடரின் குறை கிடையாது, காயத் தாமதமானதால் வருகிற வாடை. லோடைப் பாதியாக்கி, ஃபேனுக்குக் கீழே இடைவெளி விட்டுப் போடுங்கள்.

கணவர் “ஹெல்ப் பண்றேன்” என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனசுதான், ஆனால் உதவி என்ற ஏற்பாட்டில் நினைவில் வைக்கும் வேலை உங்களிடமே தங்கிவிடுகிறது. எப்போது, எது, எவ்வளவு என்று நீங்கள் சொன்னால்தான் அவர் செய்வார். அதற்குப் பதில் ஒரு வேலையை வேரோடு அவரிடம் மாற்றுங்கள். குழந்தையின் டிபன் அவருடையது என்றால், என்ன செய்வது என்று முதல் நாள் இரவு யோசிப்பது, அதற்கு வேண்டியதை வாங்குவது, கட்டிக் கொடுப்பது, சாயங்காலம் டப்பாவைக் கழுவிக் கவிழ்ப்பது வரை அவருடையது. முதல் இரண்டு வாரம் அவர் உங்களைவிட மோசமாகத்தான் செய்வார். நடுவில் புகுந்து திருத்தினால் வேலை மறுபடி உங்கள் தலையில் விழும். பசியும் பாதுகாப்பும் தவிர மற்ற எதிலும் வாய் திறக்காதீர்கள்.

ஒன்றை யோசியுங்கள். நம் கிராமத்து வீடுகளில் பெரும்பாலானவற்றில் இட்லியும் தோசையும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளிக்கும் செய்கிற பலகாரமாக இருந்தன. ஆட்டுரலில் அரைக்க வேண்டியிருந்தால் தினமும் யார் அரைப்பார்? 1950-களில் கோயம்புத்தூரில் மின்சார கிரைண்டர் உருவாகி, பிறகு ஃபிரிட்ஜும் வீடு வீடாகப் போய், 2011-க்குப் பின் அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் ரேஷன் அட்டை வீடுகளுக்குள் வந்தன. உடல் வலி பெரிதாகக் குறைந்தது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் விசேஷ நாள் பலகாரம் அன்றாடக் கடமையாக ஆகிவிட்டது. இன்று ஒரு பெண் தனக்குப் போட்டுக்கொள்ளும் அளவுகோலில் அத்தை காலத்துச் சமையலும் இருக்கிறது, தன் காலத்து வேலையும் இருக்கிறது, ரீல்ஸில் வருகிற பளபளக்கும் சமையலறையும் இருக்கிறது. மூன்றையும் சேர்த்து ஒரே ஆள் செய்து காட்டிய காலம் என்று எதுவும் இல்லை.

ஆகவே எதை விடுவது என்று முடிவு செய்துதான் ஆக வேண்டும். விடக்கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன், இவற்றில் உடம்பும் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. டிரம், வாளி, ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, பூந்தொட்டித் தட்டு இவற்றை வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் காயவைக்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். கேஸ் டியூபில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள், ஐந்து வருஷத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வடித்த சோறும் சமைத்த கூட்டும் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போகட்டும், தேங்காய்ச் சட்னி இன்னும் சீக்கிரம். ராத்திரி படுக்கும்போது சிங்க்கில் எச்சில் பாத்திரம் இல்லாமல் இருந்தால் கரப்பான் பாதி குறையும். பாத்ரூம் கறைக்கு ஆசிட் ஊற்றும் இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு, கதவை மூடிக்கொண்டு தேய்க்கிறவருக்கு மூச்சு திணறும். என் பார்வையில் கட்டாயப் பட்டியல் ஏறக்குறைய இவ்வளவுதான். பித்தளை பளபளப்பது, தினமும் புதுக் கோலம், மூன்று வகைப் பொரியல், சோபா உறை சுருக்கமில்லாமல் இருப்பது, வீட்டிலேயே அரைத்த மசாலா எல்லாம் உங்கள் விருப்பம். பிடித்திருந்தால் செய்யுங்கள். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், யாருடைய ஆரோக்கியமும் கெடாது.

விட்டுவிட்டதை மனம் ஏற்குமா என்பதுதான் உங்கள் அசல் கவலை. “நான் போதும்” என்று கண்ணாடி முன்னால் சொல்லிக்கொள்வதால் ஏற்பு வருகிறது என்று நான் நம்பவில்லை. செய்யாமல் விடுவதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் அது குறையாகத் தெரியாமல் தீர்மானமாகத் தெரியத் தொடங்கும், இதைத்தான் நடைமுறையில் பார்க்க முடிகிறது. ஒரு தாளில் இந்த வருஷம் கற்கப்போகும் இரண்டு விஷயத்தையும், இந்த வருஷம் தொடப்போவதில்லை என்கிற ஐந்து விஷயத்தையும் எழுதி, கணவரோடு உட்கார்ந்து பேசி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்தது, பரிமாறும்போது “இன்னைக்கு சுமாராத்தான் வந்திருக்கு” என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். சாப்பிடுகிறவர் வாயில் வைக்கும் முன்பே குறையைத் தேடச் சொல்கிற வார்த்தை அது. உப்புக் குறைந்தால் கேட்பார்கள், கேட்டால் உப்பை நகர்த்திவைத்தால் போதும்.

அத்தையோடு ஒப்பிடுவதை நிறுத்த ஒரு சின்னக் கணக்கும் உதவும். 35 வருஷம் தினம் இரண்டு வேளை சமைத்தவர் 25,000 தடவைக்கு மேல் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார். வாரம் ஒருமுறை மாவரைக்கும் நீங்கள் நான்கு வருஷத்தில் இருநூறு தடவை அரைத்திருப்பீர்கள். அவர் கையில் இருப்பது தடவைகளின் எண்ணிக்கை. அவர் வரும்போது மன்னிப்புத் தொனியில் பேசாதீர்கள். “எனக்கு இட்லி சரியா வரலை அத்தை, நீங்க செய்யும்போது கூட நிக்கறேன்” என்பது கேட்டல். “வீடு இப்படிக் கிடக்கு, தப்பா நினைக்காதீங்க” என்பது தலையைக் குனிந்து கொடுத்தல். முதலாவதற்குப் பெரும்பாலான மாமியார்கள் மகிழ்ந்துபோவார்கள். தான் அறிந்ததை யாராவது எழுதிவைத்துக்கொள்வது அவர்களுக்கும் அரிதாகத்தான் நடக்கிறது.

பெரும்பாலான என்று சொன்னதில் எல்லோரும் அடங்கமாட்டார்கள். உங்கள் கேள்வியில் அத்தை கடுமையாகப் பேசியதாக ஒரு வரியும் இல்லை, அதனால் அப்படி இல்லை என்றே எடுத்துக்கொண்டேன். சமையலைச் சாக்கிட்டு யாராவது தொடர்ந்து இழிவாகப் பேசுகிறார்கள், பெற்றோரைப் பழிக்கிறார்கள் என்றால் அங்கே இட்லிப் பக்குவம் பதில் ஆகாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் சொல்லாலும் மனத்தாலும் கொடுமை செய்வதும் அடங்கும். 181 என்ற மகளிர் உதவி எண்ணில் பேசலாம்.

இன்னொரு எல்லையும் உண்டு. “சிங்க்கைப் பார்த்தாலே அழுகை வருகிறது” என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் அலுப்பில் வந்த அழுகையா, வாரக்கணக்கில் நீடிப்பதா என்பதை இங்கிருந்து நான் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் மாறியிருக்கிறது, பிடித்தவற்றில்கூட ஈடுபாடு இல்லை, எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் விடாமல் வருகிறது என்றால் மருத்துவரிடம் போங்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே மாதிரி உடம்பைச் சாய்த்துவிடும், அதனால் ரத்தத்தில் ஹீமோகுளோபினும், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் அளவும் பார்த்துவிடுவது நல்லது. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. சின்ன வயதிலிருந்தே ஆரம்பித்த வேலையை முடிக்க முடியாமல் போவது, பொருளை வைத்த இடம் மறப்பது என்று பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் ஒரே மாதிரி இருந்திருந்தால், அதையும் சொல்லுங்கள். கவனக்குறைவுக் கோளாறு பெரியவர்களுக்கும் இருக்கிறது, பெண்களிடம் அதைப் பல வருஷம் யாரும் கண்டுகொள்வதில்லை. வீட்டு வேலையில் மட்டும் இப்படி என்றால் அதைச் சந்தேகிக்கக் காரணம் குறைவு.

கடைசியாக, கிரைண்டர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாரம் ஒருமுறையாவது அரைப்பீர்கள் என்றால் வாங்கலாம். மூன்று பேர் வீட்டுக்கு 2 லிட்டர் டேபிள் டாப் தாராளம், அதைவிடச் சின்னதும் கிடைக்கிறது. உளுந்தை 25 முதல் 30 நிமிடம் ஓடவிட்டால் சூடேறாமல் நுரைக்கும், பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை, அவ்வப்போது தண்ணீர் தெளித்தால் போதும். கல்லைத் தூக்கிக் கழுவி வைக்கிற கால் மணி நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், பலர் கிரைண்டரை மூலையில் போடுவது அந்த வேலைக்குப் பயந்துதான். மாதம் இரண்டு தடவைக்கு மேல் அரைக்கமாட்டோம் என்று தோன்றினால் கிரைண்டர் வேண்டாம், தெருக்கடை மாவே போதும். அரைத்த நேரத்தைக் கேட்டு, அன்று அரைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். புளிப்பு ஏறிய மாவு என்றால் முதல் நாள் இட்லிக்கு வைத்துக்கொள்ளாமல் நேராகத் தோசைக்குப் போங்கள்.